கனவு கண்டதால் கோவலன் சாகவில்லை

மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். கொழுந்தெடுக்கப் போனவரைக் காட்டுமாடு முட்டினாலும், படித்த பிள்ளை வேலையில்லாமல் மலையேறித் திரும்பினாலும், எங்கள் அப்பாயி சொல்லும் காரணம் ஒன்றுதான்: “தலையெழுத்து.” சிலப்பதிகாரத்தை வகுப்பில் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

காப்பியம் முழுக்க முன்னறிவிப்புகள். புகாரில் கண்ணகி தீக்கனவு காண்கிறாள். மதுரையின் புறஞ்சேரியில் கோவலன் காண்கிறான். அரண்மனையில் கோப்பெருந்தேவி காண்கிறாள். ஆயர்பாடியில் பால் உறையவில்லை. சிலம்பு விற்கப் போகிறவனுக்கு எதிரே எருது வருகிறது. இவற்றை ‘முன்னுணர்த்தும் உத்தி’ என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்த உத்தி வாசகரை என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொலை நடக்கும் முன்பே, அது நடந்தே தீரும் என்று நம்மைத் தயார்ப்படுத்துகிறது.

உண்மையில் நடந்தது என்ன? சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போட்டான். அரசன் விசாரிக்காமல் ஆணையிட்டான். காவலன் வெட்டினான். இதில் கனவுக்கு என்ன வேலை?

பிறகு மதுராபதி தெய்வம் வந்து முற்பிறப்புக் கணக்கைச் சொல்கிறது: பரதனாகப் பிறந்திருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லவைத்தானாம். போன பிறவியைக் காட்டி இந்தப் பிறவியின் அநீதியை நேர்செய்யும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சாதி தன்னை நியாயப்படுத்திக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

ஆனால் பாத்திரங்கள் இந்தக் கணக்குக்கு முழுதாக அடங்கவில்லை. தீங்கு விலகக் குளத்தில் நீராடிக் காமனைத் தொழச் சொல்கிறாள் தேவந்தி, கண்ணகி மறுக்கிறாள். அரசவையில் அவள் கனவைச் சொல்லவில்லை, சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். பாண்டியனும் ஊழைத் துணைக்கு அழைக்கவில்லை. தன்னையே கள்வன் என்று ஏற்று உயிர்விடுகிறான்.

காப்பியத்தில் இன்னொரு கொலையும் உண்டு. பாண்டியனுக்குப் பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குப் பொற்கொல்லர் 1000 பேரைப் பலியிடுகிறான். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் தொழில் செய்தவர்களெல்லாம் பலி. அவர்களுக்காக எவரும் கனவு காணவில்லை. ஒரு பால்குடம்கூட உறையாமல் நிற்கவில்லை. ஒருவருக்கும் பெயர் இல்லை. பாத்திர ஆய்வு என்றால் இந்த 1000 பேரையும் எண்ண வேண்டாமா? யாருடைய சாவுக்கு முன்னறிவிப்பு உண்டு, யாருடைய சாவு ஒற்றை வரியில் கடந்துபோகிறது என்பதும் ஒரு சமூக ஆவணம்தான்.

கூடலூருக்கு மேலே, பளியன்குடி வழியாக ஏறும் கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவன்று மட்டும் மக்கள் போகிறார்கள். காப்பியத்தின் பதிகத்தில் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. வேங்கை மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்டோம் என்று குன்றக் குறவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அதற்கு ‘வினை’ என்று விளக்கம் கொண்டுவந்தவர் புலவர் சாத்தனார். நூற்றாண்டுகளாக நாம் விளக்கத்தையே மனப்பாடம் செய்கிறோம். நான் மலைக்காரர்களின் சாட்சியத்திலிருந்து வாசிக்க விரும்புகிறேன்.

அப்பாயியிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டாள்: “அப்போ அந்த ராசா ஏன் விசாரிக்கல?”

என் ஆய்வேட்டின் முதல் கேள்வி இப்போது அதுதான்.