லூப் இடறினால் பழி யாருக்கு?

இசை மென்பொருளில் சுழலவிட்ட ஒலித்துண்டு இணைப்பிடத்தில் ‘டக்’கென்று இடறினாலோ, தாளத்தை விட்டு நழுவினாலோ, பழி முதலில் மாணவர் தலையில் விழுகிறது. ஒழுங்காக வெட்டவில்லை என்பது தீர்ப்பு; கிராஸ்ஃபேட் போடு என்பது மருந்து. அந்த ஒலித்துண்டைப் பற்றி மென்பொருள் தானாக என்ன முடிவு செய்துகொண்டது என்ற கேள்வி வகுப்பில் எழுவதே அரிது.

இந்துஸ்தானி ரூபக் தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளலாம். (கர்நாடக ரூபகம் வேறு, இது 7 மாத்திரை.) நிமிடத்துக்கு 70 மாத்திரை என்றால் அது சரியாக 6 விநாடி. வேகத்தைத் தானே கணிக்கும் மென்பொருள்கள் பல, குறுந்துண்டு எதுவாயினும் 4, 8, 16 அடிகள் கொண்டதென்றே ஊகிக்கின்றன. 6 விநாடியில் 8 அடி என்றால் வேகம் 80. பாட்டின் வேகம் 70 என்று குறித்திருப்பதால், துண்டை ஏறத்தாழ 6.86 விநாடிக்கு இழுத்துவிடுகிறது. தபலாவின் ஒவ்வொரு சொல்லும் இடம்பெயர்ந்துவிடும். வெட்டியவர் பிழை ஏதும் செய்யவில்லை. மேற்கத்திய நடன இசையின் வழக்கம் உலகப் பொதுவிதியாக மென்பொருளுக்குள் புகுந்திருக்கிறது, அவ்வளவே. தானியங்கிக் கணிப்பை அணைத்து 7 என்று கையால் எழுதினால் தீர்ந்துவிடும். அதைச் சொல்லாமல் மீண்டும் மீண்டும் வெட்டச் சொல்வது எவ்வகைக் கல்வி?

தம்பூரா இதனினும் சிக்கலானது. வளைந்த குதிரையின்மேல் நூலிழை தாங்கிய தந்தி உரசும்போது, மேற்சுரங்கள் ஒவ்வொரு மீட்டலுக்குப் பின்னும் எழுந்து, நிறம் மாறி, அடங்குகின்றன. அவ்வொலியில் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரு கணங்கள் கிடைப்பதில்லை. அலை சுழியைக் கடக்கும் இடங்களில் வெட்டினால் ‘டக்’ குறையும். மேற்சுரங்கள் அதனால் பொருந்திவிடா. அங்கே நேர்கோட்டுக் கிராஸ்ஃபேட் இட்டால், தம்முள் தொடர்பற்ற கூறுகள் கலக்கும் நடுப்பகுதியில் ஆற்றல் 3 டெசிபெல் குழிகிறது. எதிரெதிர் கட்டத்தில் சந்திப்பவை ஒன்றையொன்று அழிக்கின்றன. இடறல் மறைந்ததென்று வகுப்பு மகிழ்கிறது. சுற்றுக்கு ஒருமுறை சுருதி தளர்ந்து எழுவதைப் பாடுபவர்தாம் தாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு தந்திகளும் மீட்டி முடியும் முழுச் சுற்றுகள் பலவற்றை நீளமாக எடுத்து, ஒரு மீட்டலுக்குச் சற்று முன்னே இணைப்பை வைப்பதே தக்க வழி. புதிய மீட்டலின் எழுச்சி தையலை மூடிவிடும்.

கோப்பும் தன் பங்குக்கு ஏமாற்றும். வேவ் கோப்பில் லூப்பின் முதற்புள்ளியும் இறுதிப்புள்ளியும் எண்களாகப் பதியப்படுகின்றன. இறுதிப்புள்ளியும் ஒலிக்க வேண்டும் என்பது வரையறை. சில மென்பொருள்கள் அதை விட்டுவிடுகின்றன. நீண்ட துண்டில் இது பொருட்டன்று. ஒற்றை அலைச்சுற்றைச் சுழற்றிச் சுருதி உண்டாக்கும்போதோ நிலைமை வேறு. விநாடிக்கு 44,100 புள்ளிகள் கொண்ட பதிவில் 100 புள்ளிச் சுற்று 99 ஆகிவிட்டால், 441 ஹெர்ட்ஸ் சுமார் 445.5 ஆக உயர்கிறது. இது ஏறத்தாழ 17 சென்ட். பிரமாண சுருதியாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 81/80 விகிதமே சுமார் 21.5 சென்ட்தான். அப்படிப்பட்ட ஆதார சுருதியை வைத்துச் சுர நுட்பம் அளக்கும் ஆய்வேட்டின் அட்டவணைகளை எவ்வாறு நம்புவது?

எம்பி3 ஆகப் பகிரப்படும் துண்டுகளின் முன்னும் பின்னும் குறியாக்கம் சேர்க்கும் மௌனம் தனி. வேவாக மாற்றியதும் அது போய்விடும் என்று எண்ணுவோர் பலர், போகாது.

‘காதுக்குச் சரியாக இருந்தால் போதாதா?’ என்பர். விளம்பரப் பாட்டுக்குப் போதும். ஒலிப்பதிவையே சான்றாக வைக்கும் ஆய்வுக்குப் போதாது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, வேகக் கணிப்பு இயங்கியதா, லூப் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை, கிராஸ்ஃபேட் எத்தனை மில்லிவிநாடி ஆகியவை ஆய்வு முறையியல் இயலில் இடம்பெறுவதை நெறியாளர்கள் கட்டாயமாக்க வேண்டும். துணைநூற்பட்டியலில் ஒரு காற்புள்ளி தவறினால் இயலையே திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய சுமையாக இராது.