பிரிண்டர் ஆளுக்கா, இடத்துக்கா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன், கே.ஜி.கண்டிகை

கணிப்பொறி வந்துவிட்டால் காகிதத்திற்கு வேலையே இருக்காது என்று சொன்னவர்கள் பலர். நடந்தது என்ன? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் இன்று இ-சேவை வழியாகக் கணிப்பொறியில்தான் பிறக்கின்றன. ஆயினும் அது காகிதமாகக் கைக்கு வந்து, மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போன பிறகுதான் நம் பெற்றோருக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த ஒற்றைத் தாள் எவ்வளவு பெரிய சொத்து என்பதை நான் அறிவேன். ஆகவே அந்தத் தாள் எந்த அறையில், யார் கண் முன்னால் வந்து விழுகிறது என்ற கேள்வியைச் சில்லறைக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஒரு சர்வர், பல டெர்மினல்கள்

வீட்டில் நாம் காணும் கணிப்பொறி தன் மூளையைத் தன்னிடமே வைத்திருக்கிறது. டெர்மினல் சர்வர் முறை அப்படியன்று. ஓர் அறையில் வலிமை வாய்ந்த சர்வர் ஒன்று இருக்கும். மற்ற அறைகளில் மேசைதோறும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு சிறிய பெட்டி, அவ்வளவே. நாம் தட்டும் எழுத்து சர்வருக்குப் போகிறது. வேலை அங்கே நடக்கிறது. அதன் படம் மட்டும் நம் திரைக்குத் திரும்பி வருகிறது. 1995இல் சிட்ரிக்ஸ் நிறுவனம் வின்ஃபிரேம் என்ற பெயரிலும், 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பாகவும் இம்முறையை விண்டோஸ் உலகிற்குக் கொண்டுவந்தன.

பணவசதி குறைந்த நிறுவனங்களுக்கு இம்முறை ஒரு வரப்பிரசாதம். முப்பது இயந்திரங்களைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும். இதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. எந்த மேசையில் உட்கார்ந்து நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாலும், பாதியில் விட்ட வேலை விட்ட இடத்திலேயே நமக்காகக் காத்திருக்கும். காலையில் முதல் மாடி, பிற்பகலில் கீழ்த்தளம் என்று உலவுகிறவருக்கு இது எவ்வளவு வசதி!

சிக்கல் எங்கே?

வசதி பிறந்த இடத்திலேயே வம்பும் பிறக்கிறது. ஆள் உலவுகிறார், பிரிண்டர் உலவுவதில்லை. காலையில் முதல் மாடியில் உள்நுழைந்தபோது, அங்குள்ள பிரிண்டர்தான் உமக்குரியது என்று சர்வர் குறித்துக்கொள்கிறது. பிற்பகலில் கீழ்த்தளத்தில் அதே வேலையை அவர் தொடர்கிறார். சர்வரைப் பொறுத்தவரை அவர் புதிதாக உள்நுழையவில்லை. அறுந்த இழையை மீண்டும் முடிந்துகொண்டார், அவ்வளவே. உள்நுழையும்போது மட்டும் ஓடுகிற கட்டளைகள் அப்போது மறுபடி ஓடுவதில்லை. அச்சிடு என்று ஆணையிடுகிறார். தாள் முதல் மாடியில் வந்து விழுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

இதனால் காகிதம் வீணாகிறது, மை வீணாகிறது என்பது மட்டுமா நட்டம்? நான் சில நாள் பயிலப் போயிருந்த ஒரு நிலையத்தில், உடன் பயின்ற மாணவி ஒருத்தி கட்டணச் சலுகைக்கான விண்ணப்பத்தை அச்சிட்டாள். அது அடுத்த அறையின் பிரிண்டரில் வந்து விழுந்தது. தாயின் வருமானம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. அங்கிருந்த சிலர் அதை எடுத்து உரக்கப் படித்துச் சிரித்தார்கள். அவள் அதன் பிறகு அங்கு எதையும் அச்சிடவில்லை. பஸ் ஏறித் திருத்தணிக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து அச்சிட்டு வந்தாள். அந்தச் சிரிப்புக்குச் சிரித்தவர்கள் மட்டுமா பொறுப்பு? பிரிண்டரை அப்படிப் பிணைத்து வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன். மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டு வேறு வார்டில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரயில்வே காட்டும் வழி

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரயில் நிலையத்தின் முன்பதிவு ஜன்னலைப் பார்த்தாலே போதும். இந்திய ரயில்வே 1985இல் புதுடெல்லியில் கணிப்பொறி முன்பதிவைத் தொடங்கியது. 1987இல் அது சென்னைக்கும் வந்தது. 1999இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் அனைத்தும் ஒரே வலையாக இணைந்தன. மையத்தில் பெரிய கணிப்பொறி. ஜன்னல்தோறும் ஒரு டெர்மினல். அதன் அருகே கிறீச்சிட்டபடி ஓடும் ஒரு பிரிண்டர்.

அங்கே எழுத்தர் ஒருவர் இன்று ஒரு ஜன்னலிலும் நாளை வேறொரு ஜன்னலிலும் அமர்கிறார். அவர் வசூலித்த பணத்திற்கான கணக்கு அவர் பெயரில் நிற்கிறது. டிக்கெட்டோ அவர் அமர்ந்திருக்கும் ஜன்னலின் பிரிண்டரிலிருந்து வருகிறது. வரிசை எண் அச்சிட்ட அந்தத் தாள்கள் பணத்திற்குச் சமம். ஒன்று தவறினாலும் கணக்குச் சொல்ல வேண்டும். எனவே கணக்கு ஆளோடு போகிறது. தாள் இடத்தோடு நிற்கிறது. இந்த எளிய பிரிவினையை நம் அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் ஏன் கற்றுக்கொள்ளக் கூடாது?

இதைத்தான் நான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகிறேன். அச்சிடும் உரிமை ஆளைச் சேர்ந்தது. எந்தப் பிரிண்டர் என்பது இடத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டதால் வந்ததே இத்தனை தொல்லையும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வரும் பக்தர் தம் வீட்டுக் கிணற்றைச் சுமந்துகொண்டா வருகிறார்? தங்கிய சத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்கிறார். பிரிண்டரும் சத்திரத்துக் கிணறு போன்றதே.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு டெர்மினலுக்கும் அறையை உணர்த்தும் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரையோ அதன் ஐ.பி. முகவரியையோ கொண்டு, அந்த அறையின் பிரிண்டரையே முதல் தேர்வாக அமைக்க வேண்டும். உள்நுழையும்போது மட்டுமல்லாமல், மீண்டும் இணையும்போதும் இந்த அமைப்பு புதுப்பிக்கப்பட வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவதாக, பிரிண்டருக்குத் தயாரிப்பாளர் இட்ட எண்ணைப் பெயராக வைக்கக் கூடாது. நீண்ட மாடல் எண்ணைக் கண்டு புதிதாக வந்த மாணவனுக்கு என்ன புரியும்? ‘முதல் மாடி, இயற்பியல் ஆய்வுக்கூடம், கதவருகே’ என்று வைத்தால் யாருக்கும் புரியும்.

மூன்றாவதாக, டிரைவர் எனப்படும் மென்பொருளைக் கண்டபடி சர்வரில் ஏற்றக் கூடாது. தனிக் கணிப்பொறியில் ஒரு கெட்ட டிரைவர் ஒருவரைத்தான் முடக்கும். சர்வரிலோ அத்தனை பேரையும் சேர்த்து முடக்கிவிடும். என்.டி. 4.0 காலத்தில் பிரிண்டர் டிரைவர் இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே ஓடியதால், அது தடுக்கி விழுந்தால் சர்வரும் விழுந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் ஈஸி பிரிண்ட் என்ற வழியைத் தந்தது. பயனரின் மேசையிலேயே பிரிண்டர் இணைந்திருந்தால், அதன் டிரைவர் சர்வருக்குத் தேவையில்லை. மேசைக் கணிப்பொறியே அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும். 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டு, அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை வழியாகவே அயலார் கணிப்பொறியைக் கைப்பற்ற முடியும் என்று உலகம் அறிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல், டிரைவர் நிறுவும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மைக்ரோசாஃப்ட் சுருக்கியது. இத்தனை நடந்த பிறகும் பிரிண்டரை அலட்சியம் செய்யலாமா?

நான்காவதாக, அந்தரங்கமான தாள்களுக்குத் தனி வழி வேண்டும். ஆணையிட்டவுடன் அச்சாகாமல், வரிசையில் காத்திருக்கட்டும். உரியவர் பிரிண்டரின் அருகே வந்து தம் ரகசிய எண்ணைத் தட்டியதும் அச்சாகட்டும். அந்த மாணவியின் விண்ணப்பம் இப்படிக் காத்திருந்திருந்தால், எவர் வாயிலும் அது ஏறியிராது.

மறுப்பும் விடையும்

‘எல்லாவற்றையும் இடத்தோடு கட்டினால், வண்ண அச்சுக்கும் கட்டுப்பாடு இராதே, ஆளாளுக்கு அச்சிட்டுத் தள்ளுவார்களே’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் உரிமை ஆளைச் சேர்ந்தது என்றேன். யார் வண்ணத்தில் அச்சிடலாம், யார் எத்தனை பக்கம் அச்சிடலாம் என்பதை அவரவர் பெயரில் வரையறுக்கலாம். தாள் மட்டும் அவர் இருக்கும் அறையில் வரட்டும்.

‘இதற்கெல்லாம் செலவாகுமே’ என்பது இன்னொரு மறுப்பு. டெர்மினலுக்குப் பெயர் வைக்கவும், பிரிண்டருக்குத் தமிழில் ஒரு சீட்டு ஒட்டவும் என்ன செலவு? வேண்டியது கவனம். அறையறையாக நடந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கண்டு குறித்துக்கொள்ளும் பொறுமை.

எட்டாத இடத்தில் இருக்கும் பிரிண்டர் வரலாற்றையே மாற்றியதும் உண்டு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில், ஆட்கள் ஒரு மாடியிலும் செராக்ஸ் லேசர் பிரிண்டர் வேறொரு மாடியிலும் இருந்தன. காகிதம் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி சொல்லும்படி பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பிரிண்டரின் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மனத்தாங்கலும் சேர்ந்துதான் 1983இல் அவரைக் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவிக்கச் செய்தது. சிறு தொல்லையைச் சிறிது என்று விட்டுவிடாதவரே பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகிறார்.

நாளை நம்மில் பலர் வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இத்தகைய சர்வர்களைக் காக்கும் பணியில் அமரக்கூடும். அங்கே வரிசையில் நிற்பவர்கள் நம் ஊர்க்காரர்களாக, எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்களாக இருப்பார்கள். ‘தாள் மேல்மாடியில் விழுந்துவிட்டது, நாளை வாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டு ஒரு நாள் கூலியை இழந்து அவர்கள் திரும்பக் கூடாது. தாள், கேட்டவர் நிற்கும் இடத்திலேயே வர வேண்டும். அதற்கான அறிவை இப்போதே தேடிக்கொள்வோம்.