ஆக்ஸிஜன் ‘படத்துக்கு’ ஓர் உடுக்குறி

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் பேருந்தில், சென்ற வாரம் என் சித்தி மகள் கைப்பேசியை நீட்டினாள். இயற்பியல் இளநிலை மாணவி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கே உரிய மும்மொழி வாழ்வு அவளுடையது. “அக்கா, ஆக்ஸிஜன் மூலக்கூறைப் படமே எடுத்துட்டாங்களாம்!” என்றாள். ‘படம்’ என்ற அந்தச் சொல்லைப் பற்றியதே இப்பதிவு. நான் மொழியியல் பயின்றவள், இயற்பியலாளர் அல்லேன். பிழையிருப்பின் துறைசார் நண்பர்கள் திருத்துக.

அவள் காட்டியது 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வைப் பற்றிய செய்தி. வலிமைமிக்க அகச்சிவப்பு லேசர் துடிப்பொன்று மூலக்கூறின் மீது பாய்கிறது. அதன் மின்புலம் ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே இழுக்கிறது. மின்புலத்தின் திசை மாறியதும் அதே எலக்ட்ரான் தன் தாய் அயனியை நோக்கித் திருப்பி விரட்டப்பட்டு, அங்குள்ள அணுக்களில் மோதிச் சிதறுகிறது. 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 ஆங்ஸ்ட்ராம், ஆக்ஸிஜனின் பிணைப்பு நீளமும் 1.21 ஆங்ஸ்ட்ராம். எனவே ஈரணுக்களிலிருந்தும் சிதறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு ஒரு கோலத்தை விட்டுச் செல்கின்றன. எலக்ட்ரான் போய்த் திரும்பச் சுமார் 5 ஃபெம்டோ நொடி. அதற்குள் ஆக்ஸிஜனின் பிணைப்பு 0.1 ஆங்ஸ்ட்ராம் அளவு மாறியிருந்தது. பிணைப்பைத் தளர்த்தும் ஆர்பிட்டாலிலிருந்து ஓர் எலக்ட்ரான் நீங்கினால் பிணைப்பு இறுகத்தானே செய்யும்!

மூலக்கூறின் எலக்ட்ரானைக் கொண்டே மூலக்கூறை அறியும் இவ்வுத்தி எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்ப்பைத் தந்தது. ஆனால் கருவி பதிவு செய்வது உருவத்தை அன்று. எத்திசையில், எவ்வளவு உந்தத்தோடு எத்தனை எலக்ட்ரான்கள் வந்தன என்பதை மட்டுமே. தனியணு எவ்வாறு சிதறடிக்கும் எனக் கோட்பாட்டால் கணக்கிட்டு, பிணைப்பு நீளத்தை மாற்றி மாற்றிப் பொருத்தி, தரவோடு மிக நன்கு இசைவதை விடையாகக் கொள்கிறார்கள். இதைச் சொன்னபோது பேருந்து சந்திரகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. “அப்போ இந்த ரெண்டு சிவப்பு உருண்டை?” என்றாள். யாரோ வரைந்தது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

எங்கள் துறையிலும் இத்தகைய பணி உண்டு. ஏழுமலையைத் தெலுங்கர் ஏடுகொண்டலு என்பர். தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு, கன்னடத்தில் ஏளு. இவற்றை ஒப்பிட்டு மூலத் திராவிட வடிவத்தை *ஏழ் என்று எழுதுகிறோம். முன்னுள்ள உடுக்குறி, இவ்வடிவத்தை எவரும் கேட்டதில்லை, எக்கல்வெட்டிலும் கண்டதில்லை, சான்றுகளிலிருந்து மீட்டெடுத்தோம் என்று அறிவிக்கிறது. அதனால் வடிவத்தின் மதிப்புக் குறைவதில்லை. எங்கே ஐயுற வேண்டும், எவ்வெடுகோளைச் சோதிக்க வேண்டும் என்பது மாணவருக்குத் தெரிகிறது. ‘படம் எடுத்தார்கள்’ என்னும் வாக்கியத்தில் அந்த உடுக்குறி இல்லை. எளிமைக்காக அவ்வாறு எழுதுகிறோம் என்பாரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ‘கணித்து மீட்டார்கள்’ என்பதில் என்ன கடினம்?

கலைச்சொல்லும் நமக்கு உதவவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இந்நிகழ்வை ‘விளிம்பு விளைவு’ என்கின்றன. தடையின் விளிம்பில் ஒளி வளைவதைக் கற்பிக்க அது போதும். இரண்டு அணுக்களுக்கு ஏது விளிம்பு?

இது தொலைதூரத்துச் செய்தியாயின் இத்துணை நீட்டியிருக்க மாட்டேன். 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும், ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இன்று ஏர்ப்பேட்டில் உள்ளன. அணு, மூலக்கூறு, ஒளியியல் ஆய்வுக்கென்றே கூட்டு மையமும் அமைத்துள்ளன. என் தங்கை அங்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். பிணைப்பு நீளம் எப்படித் தெரிந்தது என்று நேர்முகத்தில் கேட்டால், ‘படத்தில் பார்த்தேன்’ என்று அவள் சொல்லக் கூடாது. கல்லூரி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது: உருண்டைகளுக்கு முன் அந்தச் சிதறல் கோலத்தைக் காட்டுங்கள். ‘விளிம்பு விளைவு’க்கு மாற்றாக நல்ல சொல் அறிந்தோர் எனக்குத் தெரிவியுங்கள்.