நெல் மகசூலைக் குறைக்கும் இரவு வெப்பம்

"வெயில் என்ன நமக்குப் புதுசா சார்?" தஞ்சாவூர்ப் பக்கம் நடந்த ஒரு வயல்வெளிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பங்குனி, சித்திரையில் காய்வது டெல்டாவுக்குப் புதிதல்ல. ஆனால் நெல் போடுபவர்கள் பகல் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது, இரவு வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு வருட வெயிலை வைத்தோ, ஒரு மார்கழிக் குளிரை வைத்தோ பருவநிலை மாறியதா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. குறைந்தது 30 ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது என்கிறது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை.

இவ்வளவுதானா என்று தோன்றும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையில் 1979 முதல் 2003 வரை எடுத்த பதிவைப் பாருங்கள். பகல் வெப்பம் 0.35 டிகிரி கூடியது. இரவு வெப்பமோ 1.13 டிகிரி. அங்கே வறண்ட பருவ நெல்லில், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. நம் வயலிலும் அதே அளவு குறையும் என்று நான் சொல்லமாட்டேன். ரகம் வேறு, மண் வேறு.

ஆனால் பயிர் வேலை செய்யும் விதம் எங்கும் ஒன்றுதான். பகலில் தயாரித்த மாவுச்சத்தில் ஒரு பகுதியை இரவில் சுவாசித்தே பயிர் செலவழிக்கிறது. இரவு புழுக்கமாக இருந்தால் செலவு கூடும், மணிக்குப் போவது குறையும். நெல் எடை குறையும். அரிசி வெள்ளை பாய்ந்து, அரவையில் நொய்யாகும். பகல் வெயில் செய்யும் கேடு வேறு. காலையில் பூ விரியும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் இருந்தாலே மகரந்தம் கெட்டு, பதர் கூடும்.

அதனால் விதைக்கும் முன் பூக்கும் தேதியை எண்ணிப் பாருங்கள். அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்பு நெல் பூக்கும். காலத்தில் நட்ட சம்பா குளிர்ந்த இரவுகளில் மணி பிடிக்கும். பிப்ரவரி நடுவில் 110 நாள் ரகத்தை விதைத்தால் பூப்பது மே முதல் வாரம், கத்திரி தொடங்கும் நேரம். போர் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக அந்தத் தேதியில் கோடை நெல் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை; டீசலும் உரமும் போட்டுப் பதரை அறுப்பதாகிவிடும். சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பது மேல். ஏற்கெனவே கோடை நெல் நட்டிருந்தால், கதிர் வெளிவருவது முதல் பால் பிடிக்கும் வரை வயல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூக்கும் சமயத்தில் காலையில் மருந்து அடிக்க வேண்டாம்.

கூடவே, உச்ச, குறைந்த அளவு இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, மோட்டார் கொட்டகையில் நிழலாகக் காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். தினமும் காலையில் இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே விதைத்த தேதி, பூத்த தேதி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதையும் குறியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.