மின்சாரத்துக்கு ஒரு கலிங்கு

வானம் கறுத்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறார்களே பெரியவர்கள், அது மூட நம்பிக்கை அல்ல. முதல் தரமான விஞ்ஞானம்! மின்னல் நம் வீட்டுக் கூரையில்தான் விழவேண்டும் என்பதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலும் மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் அலையாகக் கிளம்பி, அழையாத விருந்தாளியைப் போல் வீட்டுக்குள் நுழைந்துவிடும். 230 வோல்ட்டுக்குப் பழகிய ஃப்ரிட்ஜும் டி.வி.யும் அதைத் தாங்குமா?

"ஃப்யூஸ் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கம்பி சூடேறி உருகிய பிறகுதான் அது வேலை செய்யும். இந்த அலையோ, ஒரு வினாடியை லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்குக்குள் வந்த காரியத்தை முடித்துவிடும். ஸ்டெபிலைஸரும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

இதற்கென்றே இருப்பதுதான் 'சர்ஜ் ப்ரொடெக்டர்'. தத்துவம் என்னவோ நம் ஊர் ஏரியில் உள்ளதுதான். ஏரி நிரம்பினால் கரை உடையாதபடி, மிஞ்சிய தண்ணீரைக் கலிங்கு வெளியே விட்டுவிடுகிறது அல்லவா? அதே வேலைதான் இதற்கும்.

உள்ளே இருப்பது துத்தநாக ஆக்ஸைடைச் சுட்டுச் செய்த ஒரு வில்லை. வேர்க்குருவுக்குத் தடவுகிறோமே காலமைன், அதில் உள்ள அதே வஸ்து! அதன் நுண்ணிய மணிகளுக்கு இடையே மெல்லிய தடுப்புகள் உண்டு. ஒவ்வொரு தடுப்பும் சுமார் 3 வோல்ட்டை மறிக்கும். நூற்றுக்கு மேற்பட்ட தடுப்புகள் வரிசையாக நிற்பதால் 230 வோல்ட்டுக்கு வில்லை அசைவதில்லை. அழுத்தம் எகிறினால், ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்குக்குள் வழி திறக்கிறது. மிகையான மின்சாரத்தை எர்த் கம்பி வழியே பூமிக்கு அனுப்பிவிட்டு, மறுபடி மூடிக்கொள்கிறது.

இங்கேதான் நம்மவர் சாமர்த்தியம்! ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சாதனம் வாங்குவார்கள். எர்த் மட்டும் இருக்காது. கலிங்கு கட்டிவிட்டு வாய்க்கால் வெட்டாத கதைதான். வாய்க்கால் சுற்றி வளைத்துப் போனாலும் ஆபத்தே. மெயின் போர்டில் இதை இணைக்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும்.

வாங்கியது ஆயுளுக்கும் உழைக்கும் என்றும் எண்ணவேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் வில்லை கொஞ்சம் தேய்கிறது. பல சாதனங்களில் பச்சை அடையாளம் சிவப்பாக மாறும். மாறினால் உடனே புதிது போடவேண்டும். நியூட்ரல் கம்பி அறுந்து 400 வோல்ட் வரை நீடித்து வந்தால், அதைத் தடுக்க இதனால் ஆகாது. மின்னல் நேரே வீட்டில் விழுந்தாலும் இதை மட்டும் நம்பமுடியாது. ஆகவே மழை வருமுன்பே பிளக்கை எடுத்துவிடுவது உத்தமம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கில் கை வைக்காதீர்கள்!

அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வந்தால், சாதனத்தின் விலையைப் பிறகு கேளுங்கள்; எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அது காப்பது டி.வி.யை மட்டுமல்ல. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் உங்கள் வீட்டாரின் உயிரையும்தான்.