யானைக்காலும் அமாவாசையும்

"அமாவாசை வருகுது, இனிக் காய்ச்சலும் வந்துவிடும்." யானைக்கால் உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில், கொழும்பில் கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும், இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. நெறி கட்டி, உடம்பு நடுங்கி, கால் சிவந்து கொதிக்கும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். கால்விரல்களை விரித்துப் பார்ப்பதில்லை.

பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, வெடித்து, நாற்றமடிக்கும் சேற்றுப்புண். அது பங்கசு. அந்த வெடிப்பு வழியாகப் பற்றீரியா உள்ளே போகிறது. நிணநீர் ஓடவேண்டிய குழாய்கள் ஏற்கெனவே பழுதாகிப்போன காலில் அதை எதிர்க்கத் தெம்பில்லை. வருகிற ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சக் குழாய்களையும் கெடுத்து, வீக்கத்தைக் கூட்டிவிட்டுப் போகிறது. அமாவாசை பொருந்தாவிட்டால் பௌர்ணமியைச் சொல்வார்கள். ஆனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் பதினைந்து நாள்தான்; எந்தத் தேதியில் காய்ச்சல் வந்தாலும் இரண்டில் ஒன்றுக்கு எட்டு நாளுக்குள் வந்தே தீரும். இதை ஆதாரம் என்று எப்படி ஏற்பது?

இதைவிடக் கொடியது "காலில் தண்ணீர் படக்கூடாது" என்ற கட்டளை. கழுவாத காலில்தான் சேற்றுப்புண் வேர் பிடிக்கிறது. ஒவ்வொரு நாளும் சாதாரண சவர்க்காரம் போட்டு, சுத்தமான தண்ணீரால் தோல் மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் தேய்க்காமல் மெல்லக் கழுவ வேண்டும். பிறகு மெல்லிய துணியை இடுக்குக்குள் விட்டு ஒற்றி, ஈரம் முழுக்கப் போகும்வரை உலர்த்த வேண்டும். புண் இருந்தால் பங்கசுக் களிம்பு, இரவில் காலுக்கடியில் தலையணை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பராமரிப்பும் இதுதான். செலவு அதிகமில்லை, ஆனால் குனிய முடியாதவருக்குக் கழுவிவிட ஒரு கை தேவை.

ஐரோப்பாவின் ஷயர், பெல்ஜியன் இனப் பாரவண்டிக் குதிரைகளுக்கும் நிணநீர் தேங்கிக் கால் வீங்கும் நோய் உண்டு. கணுக்கால் மயிரைக் கத்தரித்து, கழுவி, உலர்த்தி, தோலில் குடியிருக்கும் சிற்றுண்ணிகளையும் ஒழித்து அவற்றைப் பராமரிக்கிறார்கள். குதிரைக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் எங்கள் அம்மாமாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

"நோயைத்தான் ஒழித்துவிட்டார்களே" என்பார்கள். உண்மை, பெருமைக்குரிய உண்மை. 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கம், 2002 முதல் 2006 வரை கொழும்பு உட்பட எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றும் வழங்கியது. ஆனால் அந்த மாத்திரை நுளம்பு வழியாக நோய் பரவுவதை நிறுத்தியதே தவிர, முன்பே வீங்கிய காலைப் பழையபடி ஆக்கவில்லை. நோயாளிகளைப் பராமரிப்பதும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. அதை அரசு மறக்கக்கூடாது, வீட்டாரும் மறக்கக்கூடாது.

காய்ச்சல் தொடங்கிவிட்டால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். காலை உயர்த்தி, குளிர்ந்த ஈரத்துணி போட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பற்றீரியாவுக்கான மருந்து உடனே தேவை. அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.