தண்டுவடத்துக்கு ஒரு சாரம்

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி திவால் மனுச் செய்துகொண்டது. அந்நாட்டில் கம்பெனிகள் திவாலாவது புதுமையன்று. அதற்காக நாம் தலையங்கம் எழுதவும் வேண்டியதில்லை. ஆனால் இன்விவோ தெரபியூடிக்ஸ் என்னும் அக்கம்பெனி தயாரித்தது சோப்போ சீப்போ அன்று. முதுகெலும்பு முறிந்து, மார்புக்கோ இடுப்புக்கோ கீழே உணர்ச்சியற்றுக் கிடக்கும் மனிதருக்கு இழந்ததில் ஒரு பகுதியையாவது மீட்டுத் தரலாம் என்ற நம்பிக்கையின் மீது அது நடந்துவந்தது. அந்த நம்பிக்கை எவ்விதம் பரீக்ஷிக்கப்பட்டது, எவ்விதம் பொய்த்தது என்பதை நமது நேயர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

கையிலோ காலிலோ ஒரு நரம்பு அறுபட்டால், தக்கபடி தைத்துவிட்டால், அது மெல்ல மெல்லத் துளிர்த்து வளரும். தண்டுவடத்தின் நரம்பு நார்கள் அப்படி வளர்வதில்லை. நசுங்கிய இடத்தில் திசு அழிந்து குழி விழுகிறது. குழியைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொள்கிறது. நரம்புக்கே வளரும் சக்தி கிடையாது என்றுதான் வைத்தியர்கள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1981-ம் வருஷத்தில் கனடாவில் மான்ட்ரீல் நகரத்து விஞ்ஞானிகளான ஸாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்ற இருவரும், எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து மூளையடிக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளராதவை என்று கைவிடப்பட்ட நார்கள் அப்பாலத்தினுள் புகுந்து வளர்ந்தன. குறை பெரிதும் சூழ்நிலையில் இருக்கிறதென்பது அன்று தெளிவாயிற்று.

சூழ்நிலையை மாற்றுவதற்கு ஏற்பட்ட யுக்திகளில் ஒன்றே சாரம். கொத்தனார் சுவரெழுப்பச் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறாரல்லவா? அதுபோலக் கடற்பஞ்சைப் போல் துளைகள் நிறைந்த ஒரு சிறு உருளையைக் குழிக்குள் வைத்தால், திசுக்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். உருளையோ சில வாரங்களில் தானே கரைந்து மறையும். ரணத்தைத் தைத்தபின் உள்ளேயே கரைந்துபோகும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்த வஸ்துவைக் கொண்டே மேற்படி கம்பெனியார் அதைச் செய்தார்கள். 2014-ம் வருஷம் அக்டோபரில் பீனிக்ஸ் நகரத்தில் முதல் நோயாளிக்கு அது வைக்கப்பட்டது.

முதல் பரீக்ஷையில் 19 பேருக்குச் சாரம் வைக்கப்பட்டது. மூவர் ஆறு மாதத்துக்குள் காலமானார்கள். அம்மரணங்களுக்குச் சாரம் காரணமன்று என்று பரீக்ஷை நடத்தினோர் முடிவு செய்தனர். மிஞ்சிய 16 பேரில் 7 பேர் ஒரு படியாவது முன்னேறியிருந்தார்கள். படி என்றால் எழுந்து நடப்பதென்று எண்ணிவிட வேண்டாம். ஒன்றும் உணராதவர் சிறிது உணர்வதும், உணர்வோடு சிறிது அசைப்பதும் படிகளே. நூற்றுக்கு 25 பேர் முன்னேறினால் வெற்றி என்று வைத்திருந்தார்கள். கிடைத்ததோ நூற்றுக்கு 44. பங்குதாரர்களுக்கு இதைவிட இனிய சேதி வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பரீக்ஷையில் சாரம் வைக்கப்படாத கூட்டம் ஒன்று இல்லை. அடிபட்டவர்களில் சிலர் முதல் சில மாதங்களில் எந்தப் புதுச் சிகிச்சையுமின்றியே ஒரு படி ஏறிவிடுகிறார்கள். அந்த எழுவரில் சாரத்தால் ஏறியவர் யார், தாமே ஏறியவர் யார் என்று எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? நோயாளிகள் சொற்பமாயுள்ள வியாதிகளுக்குரிய கருவிகள் விஷயத்தில், பயன் நிச்சயமென்று ருஜுப்படுத்த வேண்டாம், பயன் விளையக்கூடுமென்று காட்டினால் போதும் என்று அமெரிக்கச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. கம்பெனியார் நாடியது அவ்வழியைத்தான்.

பிறகு நடந்த இரண்டாவது பரீக்ஷையில் 20 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாரமும், மற்றதற்கு வழக்கமான ரண சிகிச்சை மட்டுமே செய்தார்கள். இரு பிரிவுக்கும் இடையே நூற்றுக்கு 20 வித்தியாசமேனும் காணவேண்டும் என்பது நிபந்தனை. 2023-ல் முடிவு வெளியாயிற்று. நிபந்தனை நிறைவேறவில்லை. மறு வருஷம் திவால் மனு.

கதியற்றுக் கிடப்பவர்களில் பாதிப் பேருக்குப் புதுச் சிகிச்சையை மறுப்பது கொடுமையல்லவா என்று கேட்போர் உண்டு. நல்ல மனமுடையவர்களே அப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், பயனுண்டு என்று தெரிந்த சிகிச்சையை மறுத்தால்தானே கொடுமை? இங்கே தண்டுவடத்தையே தொட்டு, அதனுள் ஓர் அந்நிய வஸ்துவை வைக்கவேண்டியிருந்தது. அந்த ஆபத்துக்குள்ளாகாமல் தப்பிய பிரிவினர் எதையும் இழந்ததாக முடிவு காட்டவில்லை. முதல் பரீக்ஷையிலேயே இப்படிப் பிரித்திருந்தால் ஐந்தாறு வருஷங்கள் மிஞ்சியிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் வீண் கனவு கண்டிரா.

சாரம் என்ற கருத்தே செத்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. சீனாவில் 2015 முதல் கொல்லாஜென் சாரத்தை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்துவருகிறார்கள். 2021-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் ஸ்டப் என்பவரின் குழுவினர், உடலினுள் சென்றதும் தானே நாராய்ப் பின்னிக்கொள்ளும் ஒரு திரவத்தை, அடிபட்ட மறுநாள் எலிகளுக்குச் செலுத்தினார்கள். நான்கு வாரத்தில் அவை நடந்தன. உடனே பத்திரிகைகள் பக்கவாதத்துக்கே விடுதலை வந்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் முழங்கின! எலி நடந்ததற்கும் மனிதன் நடப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து சொல்ல அந்தக் கொட்டை எழுத்துக்களில் இடமில்லை போலும்.

இனி வரும் சாரம் எதுவாயினும், மனிதருக்கு வைக்கும் முதற்கட்டத்திலிருந்து கூடிய சீக்கிரமே ஒப்பு நோக்கும் பிரிவோடு அதைப் பரீக்ஷிக்க வேண்டும். லாபம் காணாத இவ்வேலையைப் பங்குச் சந்தையின் தயவில் விட்டுவிடாமல் ஸர்க்கார் பொக்கிஷத்திலிருந்து செலவு செய்ய வேண்டும். பரீக்ஷைக்குத் தம் உடலைக் கொடுத்தவர்களை எத்தனை வருஷம் யார் கவனிப்பது, கம்பெனி மூடப்பட்டால் அவர்களைப் பற்றிய குறிப்புகள் எந்த ஆஸ்பத்திரியின் வசம் சேருவது என்பவற்றை, அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனையாக எழுதி வாங்கிவிட வேண்டும்.